வீடின்றி வளர்ந்த கல்வியும் கல்வி எழுப்பிய வீடும்

தமிழில் வீடு என்னும் சொல் இரு பொருள் தருவது. மாந்தர் குடியிருக்கும் மனையும் வீடு. பிறவித் துயரினின்று பெறும் விடுதலையும் வீடு. உறுதிப் பொருள்கள் நான்கனுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது இவ்விரண்டாம் பொருளே. பிறந்த ஆறாம் திங்களிலேயே முதல் வீட்டை இழந்து, கற்றுத் தேர்ந்த பின்னர் இரண்டாம் வீடும் பெண்ணுக்கு இல்லை என்று நூல்கள் கூறக் கண்டு, தம் கல்வி ஒன்றையே கருவியாகக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆதரவற்ற பெண்களுக்கு வீடு அமைத்துத் தந்தவர் பண்டிதை இரமாபாய் அம்மையார் (1858 – 1922). மராட்டிய நாட்டுச் சமூக வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுவிட்ட அம்மையாரின் வாழ்வு, கல்வியால் விளையும் பயன் யாது என்னும் வினாவிற்கு நேரிய விடையாக அமைகிறது.

தந்தையின் துணிவு

இரமாபாயின் தந்தை அனந்த சாத்திரி டோங்ரே, தென் கன்னடப் பகுதியில் கார்க்களத்தை அடுத்த மாளா என்னும் ஊரில் வாழ்ந்த சித்பாவன அந்தண மரபினர். இளமையில் புனே நகரில் வடமொழி பயின்றபோது, பேஷ்வா அரண்மனைப் பெண்ணொருத்திக்குத் தம் ஆசிரியர் வடமொழி கற்பிப்பதை அறிந்தார். பெண்ணும் கற்கலாம் என்னும் எண்ணம் அன்று அவருள்ளத்தில் வேரூன்றியது. ஊர் திரும்பி மனைவிக்குக் கற்பிக்க முயன்றபோது குடும்பத்தாரின் எதிர்ப்பே மிஞ்சியது. அம்மனைவி மறைந்த பின்னர், நாற்பத்து நான்காம் வயதில், கோதாவரிக் கரையிலுள்ள பைதான் நகரில் தற்செயலாகச் சந்தித்த திருத்தலப் பயணி ஒருவரின் ஒன்பது வயது மகள் இலட்சுமிபாயை மணந்தார். இன்றைய நோக்கில் ஏற்கவியலாத அம்மணம் அக்கால வழக்கிற்கு மாறானதன்று. வழக்கிற்கு மாறாக அமைந்தது, அச்சிறுமிக்கு அவர் வடமொழி கற்பித்ததே.

ஊரார் வெகுண்டனர். உடுப்பியில் சமயத் தலைவர்தம் முன்னிலையில் அனந்த சாத்திரி விளக்கம் அளிக்க நேர்ந்தது. மறைநூல் நீங்கலான இலக்கியங்களைப் பெண்கள் கற்பதற்குத் தடையில்லை என்பதை நூற்சான்று காட்டி அவர் நிறுவினார். எனினும் வாதில் வென்றவர்க்கு ஊரில் வாழ்வு எளிதாகவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டிடத்தில் குடில் அமைத்துக் குடியேறினார். இலட்சுமிபாய் அங்கேயே கற்றுத் தேர்ந்தார். கணவரின் மாணாக்கருக்குப் பாடம் சொல்லும் அளவிற்கு உயர்ந்தார். அக்குடிலில் 1858 ஏப்ரல் 23 அன்று இரமாபாய் பிறந்தார்.

கூடையில் தொடங்கிய பயணம்

கங்காமூலத்திற்கு மாணாக்கரும் விருந்தினரும் பயணிகளும் இடையறாது வந்தனர். வந்தவர்க்கெல்லாம் உணவளித்த குடும்பத்தின் செல்வம் கரைந்தது. இரமாபாய் ஆறு திங்கட் குழந்தையாக இருந்தபோது குடும்பம் அக்குடிலை விட்டு வெளியேறியது. பிரப்பங்கூடை ஒன்றில் கிடத்தப்பட்ட குழந்தை, பணியாளின் தலைச்சுமையாக மலையிறங்கியது. அதன்பின் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் இரமாபாய்க்கு நிலையான உறைவிடம் என ஒன்று இருக்கவில்லை.

திருத்தலந்தோறும் தங்கிக் கோயில் மண்டபங்களிலும் ஆற்றங்கரைகளிலும் புராணம் படித்துப் பொருள் சொல்வதே குடும்பத்தின் தொழிலாயிற்று. கேட்போர் இடும் அரிசியும் காசுமே வருவாய். முதுமையும் பார்வைக் குறைவும் தந்தையைத் தளர்த்திவிட்டமையால், மகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தாய் ஏற்றார். விடியற்காலையில், வீட்டுப்பணி தொடங்கும் முன்னர், உறங்கும் மகளை மடியிலிட்டு எழுப்பி வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பார். ஏடோ பலகையோ இல்லாத பள்ளி அது. கூரையும் இல்லாத பள்ளி. பன்னிரண்டு வயதிற்குள் பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களை இரமாபாய் மனனம் செய்திருந்தார். மூத்த மகள் கிருஷ்ணாபாய்க்கு இளமையில் நடத்திய மணம் துன்பமாக முடிந்தமையால், இளைய மகளுக்குக் குழந்தை மணம் செய்விக்கப் பெற்றோர் முற்படவில்லை. கல்வி தொடர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

சோறிடாத புலமை

1870களின் தொடக்கத்தில் இக்குடும்பம் சென்னை மாகாணத்தின் பகுதிகளில் சுற்றிவந்தது. அக்காலத்தில் நேர்ந்த பஞ்சம் புராணம் கேட்போரின் கையையும் வெறுமையாக்கியது. எஞ்சிய பொருளைத் தெய்வத்தின் அருள் நாடி நோன்புகளிலும் தானங்களிலும் பெற்றோர் செலவிட்டனர். பாத்திரங்களும் அணிகளும் துணிகளும் ஒவ்வொன்றாக விலையாயின. கூலிவேலை செய்ய அவர்கள் அறியார். இரந்துண்ணக் குலப்பெருமை இடந்தரவில்லை. வடமொழிப் பெருங்கடலைக் கடந்தவர்களுக்கு ஒரு வேளை உணவை ஈட்டித் தரும் தொழிலறிவு இல்லை என்பதே அக்குடும்பத்தின் அவலம்.

திருப்பதியை ஒட்டிய காட்டுப் பகுதியில் பதினொரு நாள் இலைகளையும் நீரையும் காட்டுக் கனிகளையும் உண்டு உயிர் தாங்கினர். புனிதக் குளத்தில் மூழ்கி உயிர்விடத் தந்தை துணிந்தார். ஒவ்வொருவரிடமும் அவர் விடைபெற்ற வேளையில், மகன் சீனிவாசன் குலப்பெருமையை ஒதுக்கி எவ்வேலையாயினும் செய்து அனைவரையும் காப்பதாகக் கூறி அவரைத் தடுத்தார். எனினும் காலம் கடந்திருந்தது. காட்டினின்று வெளியேறிய சில நாள்களில், 1874ஆம் ஆண்டில், அனந்த சாத்திரி மறைந்தார்.

அதே ஆண்டில் இராய்ச்சூரில் தாய் நோயுற்றுக் கிடந்தார். அவர் உண்ண விரும்பியபோது, அண்டை வீட்டு வாயிலில் நின்று உணவு கேட்க இரமாபாய் சென்றார். கேட்க நாவெழாமல் கண்ணீர் மல்க நின்றவரின் நிலையறிந்து அவ்வீட்டுப் பெண் உணவளித்தார். கொண்டு வந்த உணவை உண்ணும் நிலையைத் தாய் கடந்திருந்தார். பிணஞ்சுமக்க நால்வர் வேண்டும், முன்வந்தவர் இருவரே. மூன்றாமவராகச் சீனிவாசனும் நான்காமவராகப் பதினாறு வயது இரமாபாயும் பாடையைத் தாங்கினர். உயரம் குறைந்தவராதலின் தோளில் சுமக்க இயலாமல் தலையில் தாங்கி மூன்று கல் தொலைவிலிருந்த சுடலை வரை இரமாபாய் நடந்தார். சில திங்கள்களில் தமக்கை கிருஷ்ணாபாயும் இறந்தார்.

எஞ்சிய இருவரும் நடந்தனர். தெற்கிலிருந்து பஞ்சாபு வரையிலும் காசுமீரம் வரையிலும், பின்னர்க் கிழக்கு நோக்கியும், ஆயிரக்கணக்கான கல் தொலைவு அவர்கள் கால்நடையாகவே சென்றனர். சீலம் ஆற்றங்கரையில் போர்வையின்றித் தவித்த குளிரிரவுகளில், மணலில் குழி பறித்துப் படுத்துக் கழுத்தளவிற்கு மணலையே போர்த்திக்கொண்டனர். சில நாள் ஒரு பிடி ஊறவைத்த தானியமே உணவு. நெஞ்சில் பதினெண்ணாயிரம் சுலோகம். கையில் ஒரு பிடித் தானியம். இம்முரண்பாட்டை அம்மையார் வாழ்நாள் இறுதிவரை மறக்கவில்லை. பின்னாளில் அவர் நிறுவிய கல்விக்கூடங்களில் ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் கட்டாயமாக இடம்பெற்றதன் காரணத்தை இவ்வாண்டுகளிலேயே காணவேண்டும்.

கல்கத்தா நல்கிய பட்டமும் நூல்கள் மறுத்த வீடும்

1878இல் உடன்பிறந்தார் இருவரும் கல்கத்தா நகரை அடைந்தனர். இருபது வயதுப் பெண் வடமொழியில் தங்குதடையின்றி உரையாடுவதைக் கண்ட அந்நகர் அறிஞர் வியந்தனர். அவரது புலமையை ஆய்ந்து பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தனர். நாடோடியாக வந்த பெண்ணின் பெயர் நாளிதழ்கள் வாயிலாக நாடெங்கும் பரவியது.

ஆயினும் கல்கத்தா அவருக்களித்த பெரும்பேறு பட்டமன்று, ஐயமே. முகத்திரையிட்டு வாழும் பெண்களிடையே பெண்களின் கடமை குறித்து உரையாற்றும்படி அவரைச் சிலர் வேண்டினர். அதற்கெனத் தரும சாத்திர நூல்களை முதன்முறையாக ஊன்றிக் கற்றார். நூலுக்கு நூல் பல செய்திகளில் மாறுபடினும், பெண்ணை இழித்துரைப்பதில் அவை ஒன்றுபட்டு நிற்பதாக அவர் உணர்ந்தார். பெண் பெண்ணாக இருந்து வீடுபேறு எய்துதல் இயலாது. கணவனை வழிபட்டு மறுபிறவியில் உயர்குல ஆணாகப் பிறந்த பின்னரே அது கைகூடும் என்னும் கருத்தே அவற்றில் அவருக்குப் புலப்பட்டது. பிரம்ம சமாசத் தலைவர் கேசவ சந்திர சென், பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்த வேதநூலின் படி ஒன்றை அவர் கையில் கொடுத்துக் கற்குமாறு ஊக்கினார். தயங்கிய இரமாபாய் பின்னர்க் கற்றார். மண்ணில் வீடில்லாது அலைந்த பெண்ணுக்கு விண்ணிலும் வீடில்லை என்றால், இத்துணைக் கல்வியும் எதற்கு என்னும் வினா அவருள் எழுந்தது. அவ்வினாவே அவருடைய பிற்கால வாழ்வை இயக்கியது.

1880 மே மாதத்தில் சீனிவாசன் டாக்காவில் மறைந்தார். அதே ஆண்டில் வங்காள வழக்கறிஞர் பிபின் பிகாரி தாசு மேதாவி என்பாரை இரமாபாய் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். தாழ்ந்ததாகக் கருதப்பட்ட வகுப்பினரை அந்தணப் பெண் மணந்தது பெரும் பரபரப்பை விளைவித்தது. அசாமின் சில்சார் நகரில் இருவரும் இல்லறம் நடத்தினர். குழந்தை விதவைகளுக்குப் பள்ளி தொடங்கவும் எண்ணியிருந்தனர். 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் வாந்திபேதி நோய் கணவரைக் கொண்டுசென்றது. முதன்முதலாகக் கிடைத்த வீடும் இரண்டாண்டு நிறையும் முன் மறைந்தது. இருபத்து மூன்று வயதில், கைக்குழந்தையுடன், தாம் யாருக்காகப் பள்ளி தொடங்க எண்ணினாரோ அவர்களுள் ஒருவராகவே இரமாபாய் ஆனார்.

எழுத்து ஈட்டிய வழிச்செலவு

அவ்வாண்டே புனே நகருக்குக் குடிபெயர்ந்தார். சூன் மாதத்தில் ஆரிய மகிளா சமாசம் என்னும் பெண்கள் அமைப்பைத் தோற்றுவித்தார். மராட்டியில் ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்னும் நூலை எழுதி வெளியிட்டார். நாட்டுக் கல்விநிலையை ஆராய வந்த ஹண்டர் குழுவின் முன் சான்றளித்து, பெண்களுக்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியர் பயிற்றப்பெறவேண்டும் என்றும், பெண்களின் நோய் தீர்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

1883இல் மகளுடன் இங்கிலாந்து சென்றார். கப்பற் பயணத்திற்குரிய செலவை அவர் எழுதிய நூலின் விற்பனையே ஈட்டித் தந்தது. பஞ்ச காலத்தில் ஒரு வேளைச் சோறும் ஈட்டித் தராத கல்வி, கடல் கடக்க வழி செய்தது. வான்டேச்சு நகரின் கிறித்தவத் துறவுச் சகோதரியர் இல்லத்தில் தங்கி, இந்தியா செல்லவிருந்தோர்க்கு மராட்டி கற்பித்துத் தம் உறையுளுக்கு ஈடு செய்தார். மருத்துவம் பயிலும் எண்ணம் செவித்திறன் குறைந்தமையால் நிறைவேறவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் மகளுடன் கிறித்தவ சமயம் தழுவினார். பின்னர் செல்ட்டனம் பெண்கள் கல்லூரியில் வடமொழி கற்பித்துக்கொண்டே ஆங்கிலமும் அறிவியலும் கணிதமும் பயின்றார்.

இச்சமய மாற்றம் தாயகத்தில் அவரை மதித்த பலரை வருந்தச் செய்தது. அதே வேளையில், புதிய சமயத்தின் தலைவர்க்கும் அவர் வாய்மூடிப் பணிந்தவரல்லர். சமயக் கோட்பாடுகளைத் தாமே ஆய்ந்து ஏற்கும் உரிமை தமக்கு உண்டு என வாதிட்டுத் தம்மை வழிநடத்திய சகோதரியருக்கு நீண்ட மடல்கள் எழுதினார். வீட்டுக்கு ஈடாக மனச்சான்றை அடகு வைக்க அவர் எங்கும் இசையவில்லை.

1886இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். அவருடைய உறவினரான ஆனந்திபாய் சோசி அங்கு மருத்துவப் பட்டம் பெற்ற விழாவில் கலந்துகொள்வதே நோக்கம். பயணம் இரண்டாண்டிற்கு மேல் நீண்டது. குழந்தைகளுக்கான புரோபெல் கல்விமுறையைக் கற்றார். ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்னும் ஆங்கில நூலை 1887இல் வெளியிட்டார். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் பாசுடன் நகரில் அமைந்த இரமாபாய் சங்கம், இந்தியாவில் அவர் தொடங்கவிருந்த விதவையர் இல்லத்திற்குப் பத்தாண்டுகள் பொருளுதவி செய்ய முன்வந்தது.

சாரதா சதனம்

1889 மார்ச்சு 11 அன்று பம்பாயில் சாரதா சதனம் தொடங்கப்பெற்றது. கல்வித் தெய்வத்தின் பெயரால் அமைந்த இவ்வில்லம், இளம் விதவையர் தங்கிக் கற்பதற்கானது. மாணவியர் தத்தம் சமய, குல ஒழுக்கங்களைப் பின்பற்றத் தடையில்லை. தொடக்க நாள்களிலேயே சேர்ந்த விதவை மாணவி கோதுபாய். பின்னாளில் அவரை மணந்த தோண்டோ கேசவ கார்வே, 1896இல் புனே அருகில் விதவையர் இல்லமும், 1916இல் பெண்களுக்கான பல்கலைக்கழகமும் கண்டவர். ஒரு சிறு இல்லத்தில் ஏற்றிய விளக்கு அடுத்த விளக்கை ஏற்றியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அவ்வாண்டு இறுதியில் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசில் பெண் பேராளர் சிலருள் ஒருவராக இரமாபாயும் பங்கேற்றார்.

1890இல் சதனம் புனேக்கு மாறியது. அங்குதான் சோதனை வந்தது. அம்மையாரின் வழிபாட்டில் மாணவியர் சிலர் தாமே கலந்துகொள்வதை அறிந்த நகரத்தார் கொதித்தனர். திலகரின் கேசரி இதழ் கடுமையாகத் தாக்கியது. மாணவியர் விரும்பி வருவதைத் தாம் தடுப்பதற்கில்லை என்பது அம்மையாரின் நிலை; சமயச் சார்பின்மை என்னும் வாக்குறுதி மீறப்படுகிறது என்பது எதிர்த்தோரின் நிலை. 1893இல் மகாதேவ கோவிந்த ரானடே, இராமகிருஷ்ண பண்டார்க்கர் முதலிய சீர்திருத்தத் தலைவர்களே அறிவுரைக் குழுவினின்று விலகினர். இருபதுக்கும் மேற்பட்ட மாணவியரை உறவினர் அழைத்துச் சென்றனர். அம்மையாரின் பணியை மதிப்போரும் இப்பூசலில் இருதரப்பு நியாயங்களையும் எண்ணிப் பார்த்தல் தகும். எனினும் சதனத்தை விட்டுச் செல்ல நேர்ந்த அப்பெண்களுக்கு மாற்றாக ஒரு பள்ளியை எதிர்த்தோர் உடனே அமைத்துத் தரவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.

கேட்காவ் என்னும் விடுதலை ஊர்

புனேயிலிருந்து முப்பது கல் தொலைவிற்கு அப்பால், கேட்காவ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலத்தை அம்மையார் வாங்கினார். பிறர் உதவி நின்ற பின்னரும் இல்லம் தன் காலில் நிற்கவேண்டும் என்பதே கருத்து. 1896ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் பற்றியது. எலும்புந்தோலுமாகச் சாலையோரம் கிடந்த சிறுமியரைப் பற்றிய செய்தி கேட்டதும், இருபதாண்டுகளுக்கு முன்னர் தாம் கடந்துவந்த காடும், தலையில் தாங்கிய பாடையும் அவர் நினைவில் எழுந்தன. அங்குச் சென்று ஏறத்தாழ முந்நூறு பெண்களையும் சிறுமியரையும் அழைத்து வந்தார். கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளால் புனே நகரில் அவர்களை வைத்திருக்க இயலவில்லை. கேட்காவ் நிலத்தில் கூடாரங்களும் குடில்களும் எழுந்தன. 1900ஆம் ஆண்டில் குசராத்துப் பஞ்சத்தால் மேலும் பலர் வந்து சேர, இல்லத்தில் வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ 2000 ஆயிற்று.

அவ்வூருக்கு அம்மையார் இட்ட பெயர் முக்தி. முக்தி என்பதனைத் தமிழ்ப்படுத்தினால் வீடு என்பதே. பெண்ணுக்கு இல்லை என்று நூல்களில் தாம் படித்த சொல்லையே, பெண்கள் உண்டு உறங்கிக் கற்கும் இடத்திற்குப் பெயராக்கினார். அங்கே ஒவ்வொருவரும் படிக்கவும் எழுதவும் கற்றனர். ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு தொழிலும் கற்றனர். நெசவும் தையலும் உழவும் எண்ணெய் ஆட்டுதலும் பால்பண்ணைப் பணியும் அவற்றுட் சில. அச்செழுத்துக் கோத்தல் முதல் நூல் கட்டுதல் வரை பெண்களே நடத்திய அச்சகம் ஒன்றும் இருந்தது. வழிதவறியோர் என ஊர் ஒதுக்கிய பெண்களுக்குக் கிருபா சதனம் தனியே அமைந்தது. மகள் மனோரமா பார்வையற்ற பெண்களுக்குப் புள்ளியெழுத்து கற்பித்தார். ஆசிரியப் பயிற்சி பெற்ற பெண்கள் பலர் இங்கிருந்து வேற்றூர்களுக்குச் சென்று கற்பித்தனர்.

இறுதிப் பணி

பாவலரும் மொழி ஆர்வலரும் தனித்து எண்ணத்தக்கது அம்மையாரின் இறுதிக்கால இலக்கியப் பணி. விவிலியத்தின் மராட்டி மொழிபெயர்ப்புகளில் வடசொல் மிகுந்திருந்தமையால், முக்தியில் வாழ்ந்த எளிய பெண்களுக்கு அவை விளங்கவில்லை. ஆகவே, மூலமொழிகளாகிய எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் முதிய பருவத்தில் கற்று, எளிய மராட்டியில் தாமே மொழிபெயர்க்கத் தொடங்கினார். வடமொழிப் புலமைக்காகச் சரசுவதி எனப் பட்டம் பெற்றவர், வடசொற்களை ஒவ்வொன்றாக விலக்கி, அண்மையில் எழுத்தறிந்த உழவர் மகளுக்கும் புரியும் சொல்லைத் தேடினார். புலமையைத் துறத்தலன்று இது, புலமையின் முதிர்ச்சியே. முக்தியின் பெண்களே அந்நூலுக்கு அச்சுக் கோத்தனர்.

தமக்குப் பின் இல்லத்தைக் காப்பார் என அவர் நம்பியிருந்த மகள் மனோரமா 1921 சூலையில் மறைந்தார். ஆங்கில அரசு 1919இல் அளித்த கைசர்-இ-இந்து பதக்கம் போன்ற சிறப்புகள் அத்துயரை ஆற்றத்தக்கனவல்ல. தந்தை, தாய், தமக்கை, தமையன், கணவர் என அனைவரையும் இழந்தவர், இறுதியில் மகளையும் இழந்து பணியைத் தொடர்ந்தார். மொழிபெயர்ப்பு நிறைவுறும் வரை உடல்நலிவைத் தாங்கிய அம்மையார், 1922 ஏப்ரல் 5 அன்று கேட்காவ் நகரில் உயிர் நீத்தார். இந்திய அரசு 1989இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றளவும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடமளித்து வருகிறது.

கல்வி வறுமையைப் போக்கும் என்பது பலரும் எளிதாகக் கூறும் கருத்து. இரமாபாயின் வாழ்வு அதனை அவ்வளவு எளிதாக ஏற்க விடுவதில்லை. ஆழ்ந்து கற்ற பெற்றோரும் தமக்கையும் பட்டினியால் நலிந்தே மாண்டனர். மனனம் செய்த நூல்கள் அவர்களைக் காக்கவில்லை. கற்றதை ஐயுற்று ஆராயும் துணிவும், அதனைக் கொண்டு உழைத்துண்ணும் திறனும், பிறர்க்குப் பகிரும் நெஞ்சும் சேர்ந்தபோதே அக்கல்வி காக்கும் கருவியாயிற்று. விடியல் இருளில் வழிப்போக்கர் சத்திரமொன்றில் மகளை எழுப்பிப் பாடம் சொன்ன தாய் இலட்சுமிபாய்க்கு அன்று சொந்தமாக ஒரு கூரை இல்லை. அவர் கற்பித்த மகள் அமைத்த கூரையின்கீழ் ஒரே காலத்தில் ஏறத்தாழ ஈராயிரம் பேர் உறங்கினர்.